கால்சியம் வரை

எனக்கு என் மாமியாரைப் பிடிக்கும். மருமகன்கள் வழக்கமாக இப்படிச் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நான் உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறவன் என்பதை யாரும் சொல்லாமலேயே கவனித்து, எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உப்புச் சேர்ப்பார். என் செருப்பு அளவு அவருக்குத் தெரியும். என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். ஆராய்ச்சி நிலையத்தில் தோராய முறைகளைச் சோதிப்பவன் நான். ஒரு துகள் அணுக்கருவில் மோதினால் எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்று கணக்கிட முழுமையான வழி ஒன்று இருக்கிறது. துகளை அலையாக எடுத்துக்கொண்டு, அந்த அலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சமன்பாட்டைத் தீர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். சரியான விடை வரும். வருவதற்குள் கேட்டவருக்கு வயதாகிவிடும். அதனால் குறுக்குவழிகள் வைத்திருக்கிறோம். துகள் வேகமாகப் போகிறது, கொஞ்சம்தான் விலகும், ஆகவே நேர்கோட்டிலேயே போவதாக வைத்துக்கொள்வோம் என்பது ஒரு குறுக்குவழி. கரு மெல்லத்தான் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வது இன்னொன்று. எல்லாமே ‘வைத்துக்கொள்வோம்’ என்றுதான் ஆரம்பிக்கும். எதுவரை அப்படி வைத்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் குட்டு வெளிப்படும் என்று பார்ப்பது என் பொறுப்பு. முழுக் கணக்கையும் குறுக்குவழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதை வீட்டில் செய்தால் சண்டை வரும். அங்கே சம்பளம் வந்தது.

என் சகலையைச் சின்னவன் என்றே சொல்கிறேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அந்த வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. கணினி நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். இயற்பியலில் சுமார். பேச்சில் மன்னன். எங்கள் நிலையத்தை ஒட்டிப் புற்றுநோய்க்கான துகள் சிகிச்சைக் கூடம் கட்டினார்களே, அங்கே கணக்கீட்டுப் பிரிவுக்கு ஆள் தேடியபோது நான்தான் அவனைப் பற்றிச் சொன்னேன். என் வார்த்தைக்காகத்தான் எடுத்தார்கள் என்று இயக்குநரே பிறகு சொன்னார். அவன் என்னை அண்ணா என்று கூப்பிடுவான். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் அசந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விடுமுறை நாட்களில் இரண்டு குடும்பமும் அத்தை வீட்டில் கூடுவோம். அத்தைக்கு யாரும் சும்மா உட்கார்ந்திருந்தால் பிடிக்காது, மாப்பிள்ளையாக இருந்தாலும் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். அன்று எங்கள் இருவருக்கும் பட்டாணி. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். சின்னவன் சலித்துக்கொண்டான். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே கணக்கு வந்தாக வேண்டுமாம். முழுக் கணக்குப் போட்டால் அன்றைக்குள் முடியாது. நேர்கோட்டுக் குறுக்குவழியைப் போட்டால், உடம்புக்குள் செலுத்தும் புரோட்டான் வேகம் குறைந்து நிற்கப்போகும் இடத்தில் விடை கோணிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் கட்டி இருக்கிறது.

நான் ஒரு வெங்காயத்தை மேசை நடுவில் வைத்தேன். ஒரு பட்டாணியை அதன் ஓரமாக உருட்டினேன்.

“கரு புரோட்டானைத் தள்ளுதுல்ல. கோடு போடறதுக்கு முன்னாடி, அது எவ்வளவு தள்ளிப்போகும்னு மட்டும் பாத்துக்கோ. தள்ளிப்போன இடத்துல கோட்டைப் போடு. வேகம் குறைய குறைய அதையும் மாத்திக்கிட்டே வா. அவ்வளவுதான்.”

அவன் உரிப்பதை நிறுத்திவிட்டான். “இவ்வளவுதானாண்ணா?” என்றான்.

இவ்வளவுதான் என்றேன். பல வருடங்களாக என் தலைக்குள் கிடந்த விஷயம் அது. கட்டுரையாக எழுதும் அளவுக்குப் பெரியதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அப்போது அத்தை வந்து, உருட்டி விளையாடியது போதும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று என் கையிலிருந்த பட்டாணியையும் வாங்கிக்கொண்டு போனார். ஆக, அந்த மேசையருகே நாங்கள் இருவர் மட்டும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் அதை நிரலாக எழுதினான். நன்றாகவே எழுதினான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். முழுக் கணக்கு நாள் கணக்கில் எடுத்துக்கொண்டதை அவன் நிரல் ஒருவர் காபி குடித்து முடிப்பதற்குள் கொடுத்தது. அவ்வப்போது சந்தேகம் கேட்பான், சொல்வேன். பிறகு கேட்பது குறைந்தது. பிறகு ஒரு நாள் எங்கள் நிலையத்துக் கருத்தரங்கில் பேசப்போகிறான் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அவன் வாயால் கேள்விப்படவில்லை, பலகையில் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படங்கள், வரைபடங்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. முடிக்கும்போது அவையைச் சிரிக்க வைக்க அவன் சொன்னது இது: “இந்த யோசனை எங்க மாமியார் வீட்டுச் சமையலறையில, பட்டாணி உரிச்சிட்டிருக்கறப்ப வந்துச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். யோசனை யாருக்கு வந்தது என்று அவன் சொல்லவில்லை. நம் மொழியில் அந்த வாக்கியத்தை ஆள் இல்லாமலேயே சொல்லி முடித்துவிடலாம். அவன் பொய் சொன்னான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த நேர்த்தியை நான் மறக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அவனிடம் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, “நீங்கதானேண்ணா அது ஒண்ணுமில்லாத விஷயம்னு சொன்னீங்க,” என்றான். பிறகு, நம் இருவருக்கும் தெரியுமே, அது போதாதா, கட்டுரை வரும்போது உங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்காக நன்றி சொன்னவர்களின் கூட்டத்தில் என் பெயர் இருந்தது. எனக்கு முன்னால் கணினி அறையைப் பராமரிப்பவர் இருந்தார். அதற்குள் எல்லோரும் அந்த முறையை அவன் பெயரைச் சொல்லியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். என் அறைக்கு வந்து என்னிடமே, உங்கள் சகலையின் முறை அபாரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆமாம் என்றேன்.

அத்தையிடம் போனேன். புகார் சொல்லப் போகவில்லை. அன்று மேசையருகே நின்றவர் அவர் ஒருவர்தான், அதனால் போனேன். பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யார் சொல்லி யார் கேட்டது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“எனக்கு ஞாபகம் இல்ல மாப்ள,” என்றார். “ரெண்டு பேரும் ஒரே வீட்டு மாப்பிள்ளைங்க. யார் பேரு இருந்தா என்ன?”

அத்தை எதையும் மறக்கிறவர் அல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் குடிபோன பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை இப்போது கேட்டாலும் சொல்வார். யார் எந்தக் கல்யாணத்தில் எந்த நிறச் சேலை கட்டினார்கள் என்று சொல்வார். அன்று மட்டும் ஞாபகம் இல்லை. சின்ன மகளின் குடும்பம் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது, அதை அவர் கெடுக்க விரும்பவில்லை. தாயின் மனசு. எனக்குப் புரிந்தது. நான் துணியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

வீட்டில் என் மனைவி, விட்டுத் தள்ளுங்களேன், உங்கள் திறமை ஊருக்கே தெரியும் என்றாள். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் தங்கைதானே.

இதற்குப் பிறகுதான் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அந்த முறையை இனி எல்லா நோயாளிகளுக்கும் பயன்படுத்தப் போகிறார்கள், அதற்கு முன் சம்பந்தமில்லாத ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. முழுக் கணக்குப் போடத் தெரிந்தவன் நிலையத்தில் நான் ஒருவன்தான். சகலை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவீர்களோ என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அறையில் இருந்த யாருக்கும் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தச் சோதனையை நான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். ஹைட்ரஜனில் தொடங்கினேன். பிறகு கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ். கடைசியாக எலும்பில் இருக்கும் கால்சியம். ஒவ்வொன்றிலும் முழுக் கணக்கின் வளைகோட்டின் மேல் குறுக்குவழியின் வளைகோடு பூனைமாதிரி வந்து படுத்துக்கொண்டது. பள்ளியில் பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஓடும்போது வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற தகப்பனைப் போல இருந்தது எனக்கு. பிள்ளையின் சட்டையில் வேறொருவன் பெயர் எழுதியிருந்தது.

உடம்பில் பேரளவில் உள்ள அணுக்கருக்கள் அதோடு முடிந்துவிடும். என் பழக்கம் அங்கே நிற்காது. மனிதர்கள் உடம்புக்குள் உலோகமும் வைத்துக்கொள்கிறார்கள். சில முதுகெலும்பு அறுவைகளில், மண்டையோட்டுத் தகடுகளில் டான்டலம் என்ற உலோகத்தைப் பயன்படுத்துவது உண்டு. கனமான கரு, கால்சியத்தைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் மின்னூட்டம். புரோட்டானை அது தள்ளுகிற தள்ளல் வேறு மாதிரி. அதற்கும் போட்டுப் பார்த்தேன். அதிக வேகத்தில் பரவாயில்லை. வேகம் குறைந்த இடத்தில் இரண்டு வளைகோடுகளும் சண்டை போட்ட தம்பதி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின. பக்கவாட்டில் சிதறும் புரோட்டான்களில் பெரும்பங்கு குறுக்குவழியின் கணக்கிலேயே வரவில்லை. அதாவது, உலோகத்தை ஒட்டியுள்ள சதையில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று நிரல் சொல்கிறதோ, அதைவிட மிக அதிகமாக விழும். கதிரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்தி அவர்கள் எத்தனை முறை அளந்தாலும் இது தெரியாது. தண்ணீரில் டான்டலம் இல்லை.

இது என்னுடைய முறை என்பதால் அதன் குறை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. சமன்பாட்டில் ஒரு உறுப்பை மட்டும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பிற்பகலில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். வளைகோடுகள் சமாதானமாகிவிட்டன. பிறகு அதை அழித்துவிட்டேன். எனக்கு மனப்பாடமாகத் தெரியும், வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

சான்றில் ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை முறை மிகத் துல்லியமாக வேலை செய்கிறது என்று எழுதினேன். அதில் ஒரு எண்கூடத் தவறில்லை, நீங்கள் வேறு யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கால்சியத்துக்கு மேல் என்ன என்று நான் எழுதவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள், ஏன் கால்சியத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று கேட்டிருக்கலாம். முக்கியமாகச் சின்னவன் கேட்டிருக்கலாம். முறை அவனுடையது என்றால் அதன் எல்லை எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நான் காத்திருந்தேன். என்றாவது ஒரு நாள் கணக்கு இடிக்கும், அவன் என் அறைக்கு வருவான், அண்ணா எனக்குப் புரியவில்லை என்பான், நான் அந்த ஒரு உறுப்பைச் சொல்வேன், அப்போது உலகத்துக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

உடம்பில் அந்த உலோகத்தோடு சிகிச்சைக்கு முதலில் வந்தவர் ஒரு பாட்டு வாத்தியார். இளவயதில் விபத்து, காதுக்குப் பின்னால் தகடு. அதன் பக்கத்தில் கட்டி. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அந்தக் காது முழுக்கப் போய்விட்டது, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உணவகத்தில் ஒரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோயின் குணம் அப்படி, சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் அவர். என்ன உலோகம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சின்னவன் இப்போது வருவான் என்று அந்த வாரம் முழுக்க அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவன் வரவில்லை. அவர்கள் அதைக் கணக்கின் பிழையாகவே பார்க்கவில்லை. அந்த வாத்தியாரைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. உங்களுக்கு அவரைத் தெரியாது என்று நினைக்கிறேன். அதனால் சொன்னேன்.

அத்தைக்கு முதுகில் வலி தொடங்கியது அதற்குப் பிறகு. பல வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, நொறுங்கிய ஒரு முதுகெலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகக் கூடு வைத்திருந்தார்கள். இப்போது அதையொட்டிக் கட்டி. அறுவை செய்ய முடியாத இடம். எங்கே சிகிச்சை என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. சின்ன மாப்பிள்ளை இருக்கும்போது வேறெங்கே போவது?

பரிசோதனைக்கு முதல் தடவை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவனுக்கு அங்கே வேலை இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் அத்தையின் கையைப் பிடித்து, பயப்படாதீர்கள் அம்மா என்றாள்.

“எனக்கென்ன பயம்,” என்றார் அத்தை. “இதுல ஓடற கணக்கெல்லாம் எங்க சின்ன மாப்பிள்ளை கண்டுபிடிச்சதுதான்.” பிறகு என்னைக் காட்டி, “இவரு பெரிய மாப்பிள்ளை. கார் நல்லா ஓட்டுவாரு,” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் அத்தையின் கைப்பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். சிகிச்சை தொடங்குவதற்கு முன் சின்னவன் என்னிடம் வந்தான். என் அறைக்கு வரவில்லை, இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் நடைபாதையில், தண்ணீர் குடிக்கும் இடத்தருகே என்னைப் பிடித்தான். முகம் சரியாக இல்லை.

“அண்ணா, அத்தை முதுகுல டான்டலம் கூடு இருக்கு. உங்க சான்றுல கால்சியம் வரைக்கும்தான் இருக்கு. அதுக்கு மேல நீங்க போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்,” என்றேன்.

அவன் மூச்சை விட்டான். என் தோளில் கை வைத்து, “அப்ப சரிண்ணா, பயந்தே போயிட்டேன்,” என்றான். போய்விட்டான்.

என்ன பார்த்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் உண்மை. அன்று மேடையில் அவன் சொன்னது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. அவன் கற்றுக்கொடுத்த இலக்கணத்தில்தான் நான் பேசினேன்.

சிகிச்சை நாட்களில் எல்லாம் அத்தையை அழைத்துப்போனது நான்தான். காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி ஒன்று உண்டு. அதன் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். அத்தை உள்ளே போகும்போது வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். தடித்த கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறை வலது பக்கம், பத்தடி இருக்கும். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் வலித்தது என்றோ, அப்போது தோன்றவில்லை என்றோ உங்களிடம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் தோன்றியது. வளையல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து அவற்றைப் போட்டுக்கொள்ளும்போது, ஒண்ணுமே தெரியல மாப்ள, தூங்கிட்டேன் என்பார்.

கட்டி சுருங்கியது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சின்னவனுக்கு அத்தை ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று, பெட்ரோல் போட்டதற்கு என்று சொல்லி.

பிறகு ஒரு நாள் காலையில் அத்தை கடைக்குப் போய்விட்டு ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்தார். எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து வந்ததும் தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடித்துண்டு குத்தியிருந்தது. வயசாயிடுச்சு, செருப்பைக்கூடத் தொலைக்கிறேன் என்று அவரே சிரித்தார். என் மனைவியும் அவள் தங்கையும் சிரித்தார்கள். நான் கண்ணாடித்துண்டை எடுத்து மருந்து போட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. கதிர் தண்டுவடத்தைத் தின்றால் உடனே காட்டாது. மெல்லத்தான் காட்டும்.

ஊன்றுகோல் வந்தது. பிறகு சக்கர நாற்காலி. இப்போது இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை, படுக்கைதான். என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும், மாலையில் நானும் போய்க் கைகொடுக்கிறேன். அதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மருத்துவர்கள் கணக்கைத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் விசாரணை என்று நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். சின்னவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கு, உண்மையைச் சொன்னால், அது போதும் என்று இருந்தது. அவன் பெயரில் ஊர் முழுக்கப் பரவிய முறை, அவன் பெயரிலேயே நாறட்டும் என்று இருந்தேன். அவன் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலேயே அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் அந்தக் கால் இருப்பதையே உணரமாட்டார். நான் வாசலில் மாத்திரைப் பையோடு நின்றிருந்தேன். அத்தை அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“அழாதீங்க. வேணும்னா செஞ்சீங்க? விடுங்க,” என்றார்.

அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். எனக்கு ஞாபகம் இல்லை என்று என்னிடம் சொன்ன அதே வாய். நான் மாத்திரைகளை மேசையில் வைத்துவிட்டுக் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அந்த அளவுக்கு ஏமாற்றியதில்லை.

இருந்தும் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். போன வாரம் சின்னவன் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியிலேயே நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அந்த நடைபாதையில் நான் சொன்ன ஒற்றை வார்த்தையை அவன் இத்தனை நாளும் மென்றுகொண்டிருந்திருக்கிறான். புரிந்துகொள்ள அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

“நீங்க என்ன பாத்தீங்கன்னு இப்பத் தெரியும்ணா,” என்றான். “நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அண்ணியும் அவங்க தங்கச்சியும் தாங்க மாட்டாங்க. அத்தை காதுக்கு இது போகவே கூடாது. விசாரணையில நான் உங்ககிட்ட கேட்டதையே சொல்லல. முறை என்னோடது, பொறுப்பும் என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

 அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். பிறகு, “உங்களுக்கு நான் செஞ்சது தப்புதாண்ணா. ஆனா அத்தை உங்களுக்கு என்ன செஞ்சாங்க?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினான்.

அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நேரமும் பதில் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது அல்ல. ‘முறை என்னோடது.’ இப்போதும் அதைத்தான் சொல்கிறான். அன்று கைதட்டலுக்காக எடுத்துக்கொண்டான், இப்போது பழிக்காக எடுத்துக்கொள்கிறான், எப்படிப் பார்த்தாலும் எடுத்துக்கொள்கிறான். உங்கள் அறிக்கை அச்சாகி வந்தால் அது நூலகங்களில் இருக்கும். இன்னும் பல வருடங்களுக்கு மாணவர்கள் படிப்பார்கள். அதில் என் பெயர் சோதித்தவன் என்று ஒரு மூலையில் இருக்கும். அவன் பெயர் முறைக்கு இருக்கும்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். டான்டலத்தில் அந்தக் கணக்குத் தவறும் என்பது எனக்கு முன்பே தெரியும். பாட்டு வாத்தியாருக்கு நடந்ததற்குக் காரணம் தெரியும். அத்தையின் முதுகில் என்ன உலோகம் என்று தெரியும். கேட்டபோதும் நான் சொல்லவில்லை. சின்னவன்மேல் குற்றமில்லை, அவனை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் சேர்த்துப் பார்த்த அந்தக் கூடுதல் உறுப்பையும் இப்போதே சொல்கிறேன், ஒரு வரிதான், எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்துவிட்டால் முறையில் குறையே கிடையாது.

இன்று காலை இங்கே வரும் வழியில் அத்தை வீட்டு வாசலில் என் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே திரும்பிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். பிறகு, அம்மா கேட்டால் நான் என்னவென்று சொல்வது என்று கேட்டாள். உண்மையைச் சொல் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வேறெதையோ நினைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் சொன்னது, அந்த முறையை முதலில் யோசித்தது யார் என்பதை. அத்தைக்கு அது இப்போதாவது தெரிய வேண்டும்.